விட்டுவிட்டு வருதல்

எங்கள் ஆச்சி வீட்டுக் கிணற்றில் ஓர் ஆமை இருந்தது. யார் கொண்டுவந்து போட்டது என்று யாருக்கும் தெரியாது. தென்காசிப் பக்கத்தில் அந்தக் காலத்தில் அது வழக்கம்தான். கிணற்றில் ஆமை கிடந்தால் புழு பூச்சி சேராது, தண்ணீர் கெடாது என்பார்கள். கப்பி கிறீச்சிடும் சத்தம் கேட்டதும் அது அடியிலிருந்து மெல்ல மேலே வரும். வாளி தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே தலை தெரியும். ஆச்சி ஒரு கைச் சோற்றை உள்ளே தூவுவாள். நான் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பிருந்தே அது அங்கே இருந்தது. கல் கட்டிய ஒரு வட்டமும் மேலே ஒரு வட்ட வானமும்தான் அதற்கு உலகம்.

வீட்டில் ஆழ்துளைக் குழாய் போட்ட வருஷம் கிணற்றை மூடுவதென்று முடிவாயிற்று. மாமா கயிறு கட்டி இறங்கி ஆமையை எடுத்துவந்தார். ஐப்பசி மழை முடிந்து குளம் நிறைந்திருந்தது. சாக்கில் போட்டுக் கொண்டுபோய்க் குளத்தில் விடும் வேலை என் தலையில் விழுந்தது. காட்டுயிரை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பதெல்லாம் ஊரில் அப்போது யாரும் கேள்விப்படாதது. எனக்கிருந்த கவலை வேறு. "ஆச்சி, அதுக்குக் குளத்துல இரை எடுக்கத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஏல, அது தண்ணில கெடக்கிற சீவன்லா. அதுக்கு நாம சொல்லிக் குடுக்கணுமாக்கும்? விட்டுட்டு வா" என்றாள்.

விட்டுவிட்டு வந்தேன். நல்ல காரியம் செய்த நிறைவோடு வந்தேன். நாலைந்து நாள் கழித்துத் துணி துவைக்கப் போன பெண்கள் சொன்னார்கள்: படித்துறையில் குடமோ வாளியோ மோதும் சத்தம் கேட்டால் ஓர் ஆமை கரைக்கே வந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறதாம். அதற்குப் பிறகு அதை யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. கரைக்கு வரும் ஆமைக்கு எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரியும்.

ஆச்சி சொன்னதில் பாதி சரி என்று இன்று நினைக்கிறேன். நீந்தவும் மூச்சடக்கவும் இரையைக் கண்டால் வாயைத் திறக்கவும் ஆமைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கப்பிச் சத்தம் என்றால் சோறு என்பதை மட்டும் நாங்கள் சொல்லித்தந்திருந்தோம், சொல்லித்தருகிறோம் என்று தெரியாமலே. உலகத்தின் சில விலங்குக்காட்சி சாலைகளின் பின்கட்டில் நாற்பது ஐம்பது வருஷமாக நடந்துவரும் ஒரு வேலையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த ஆமை என் நினைவில் தலைதூக்கும். கூண்டில் பிறந்த தவளையையும் தேரையையும் ஆமையையும் முதலையையும் காட்டுக்குத் திருப்பி அனுப்பத் தயார்செய்கிற வேலை அது.

பாலூட்டிகளிலும் பறவைகளிலும் தாய் கூட இருந்து காட்டித்தருவது நிறைய. ஊர்வனவும் நீர்நில வாழ்வனவும் பெரும்பாலும் அப்படியில்லை. முட்டையிட்ட தாய் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். அதனால் இவற்றைக் கூண்டில் பெருக்கிக் காட்டில் விடுவது எளிது என்ற நம்பிக்கை வெகுநாள் இருந்தது. அறிவு உடம்பிலேயே இருக்கிறது, உடம்பைக் காப்பாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும் என்ற நம்பிக்கை. ஆச்சியின் நம்பிக்கையும் அதுதான்.

சாரல் என்பது எங்கள் பக்கத்தில் ஒரு பருவத்தின் பெயர். ஆனி ஆடியில் மேற்கேயிருந்து வரும் காற்றுக்கும் தூறலுக்கும் அந்தப் பெயர். குற்றாலத்தில் அருவிக்குள் போகாமல் எட்டி நிற்பவனையும் நனைத்துவிடும் நீர்த்தூசிக்கும் அதே பெயர். அந்தச் சொல்லுக்குள் தன் முழு வாழ்வையும் வைத்திருந்த ஒரு தேரை ஆப்பிரிக்காவில், டான்சானியாவின் உட்சுங்வா மலைகளில் இருக்கிறது. கிஹான்சி ஆறு மலைவிளிம்பிலிருந்து விழும் பள்ளத்தாக்கில், அருவியின் நீர்த்தூசி ஓயாமல் படிந்துகொண்டிருந்த சில சரிவுகளில் மட்டும் அது வாழ்ந்தது. மொத்த இடமும் இரண்டு ஹெக்டேர் அளவுதான். நம் கணக்கில் ஐந்து ஏக்கர். உலகத்தில் வேறெங்கும் இல்லை. கடுகுமஞ்சள் நிறம். வளர்ந்த தேரை மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாது. தண்ணீரில் முட்டையிட்டுத் தலைப்பிரட்டையாக வளர்கிற வழக்கம் இதற்கில்லை, குட்டி போடும். பெண்தேரையின் வயிற்றுத்தோல் மெல்லியது. உள்ளே வளரும் குஞ்சுகள் வெளியே நிழலாகத் தெரியும். அறிவியலார் வைத்த பெயர் நெக்டோஃபிரினாய்டஸ் ஆஸ்பெர்ஜினிஸ். அந்தப் பின்பாதிக்கு லத்தீனில் 'சாரலினுடையது' என்று பொருள். நான் அறிந்த உயிரினப் பெயர்களில் இவ்வளவு பொருத்தமானது வேறில்லை.

1996இல்தான் அது மனிதர் கண்ணில் பட்டது. அந்த வேளையில் அதே ஆற்றின் மேல், உலக வங்கியின் கடனுதவியோடு, நீர்மின் நிலையத்துக்கான அணை எழும்பிக்கொண்டிருந்தது. 180 மெகாவாட். அந்த நாட்டுக்கு அது சிறிய எண்ணிக்கை இல்லை. ஆஸ்பத்திரிகளும் பள்ளிக்கூடங்களும் இருட்டில் கிடக்கும் நாட்டைப் பார்த்து அணை கட்டாதே என்று இங்கே விசிறிக்கடியில் உட்கார்ந்து எழுத எனக்கு வாய் வரவில்லை. 2000ஆம் ஆண்டில் ஆற்றின் பத்தில் ஒன்பது பங்கு நீர் குகைவழியே திருப்பப்பட்டது. அருவி இளைத்தது. சாரல் நின்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் 499 தேரைகளைப் பிடித்து விமானத்தில் ஏற்றி நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக்காட்சி சாலைக்குக் கொண்டுபோனார்கள்.

பள்ளத்தாக்கிலும் கைவிட்டுவிடவில்லை. அருவி செய்துவந்த வேலையைச் செய்யக் குழாய்களை இழுத்து, நூற்றுக்கணக்கான தெளிப்பு முனைகளைப் பொருத்தினார்கள். ஆச்சரியமாக அது வேலை செய்தது. 2003இன் நடுவில் தேரைகளின் எண்ணிக்கை இருபதாயிரத்தைத் தொட்டதாகக் கணக்கிட்டார்கள். சில மாதங்களில் எல்லாம் சரிந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கண்ணில் பட்டன. பின்பு அதுவுமில்லை. கைட்ரிட் என்னும் பூஞ்சை முக்கியமான காரணம். அணையின் வண்டலைத் திறந்துவிட்டபோது மேட்டு வயல்களின் பூச்சிமருந்தும் சேர்ந்து வந்திருக்கலாம் என்ற ஐயமும் உண்டு. 2009இல் அந்தத் தேரை காட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

அப்போது அந்த இனத்தின் மொத்த உலகம் அமெரிக்காவில் சில கண்ணாடித் தொட்டிகள். அங்கும் சுகமாக இல்லை. நுரையீரல் புழுவும் சத்துக்குறைவும் வந்து 499 என்ற எண் சில ஆண்டுகளில் எழுபதுக்கு அருகில் இறங்கியிருந்தது. பிராங்க்ஸிலும் ஒகையோ மாநிலத்தின் டொலீடோவிலும் தேரைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் பொறுக்கிப் பொறுக்கிக் கற்றுக்கொண்டார்கள். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை நீர் தெளிப்பது, எந்த விளக்கிலிருந்து எவ்வளவு புற ஊதா ஒளி விழ வேண்டும், பழ ஈயின் மேல் எந்தப் பொடியைத் தூவிக் கொடுப்பது, பிறந்தபோது அரைச் சென்டிமீட்டரே இருக்கும் குஞ்சின் வாய்க்குள் போகக்கூடிய இரை எது. சாரலை அறைக்குள் செய்யக் கற்றுக்கொண்டார்கள். எழுபது மெல்ல ஆயிரங்களாயிற்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஊட்டச்சத்தை நாம் சமையலறைச் சமாச்சாரமாக நினைக்கிறோம். காட்டுக்குத் தயார்செய்வதில் முதல் பாடமே அதுதான். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் அழிவின் விளிம்பிலிருந்து கூண்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு தேரை இனம் உண்டு. வளர்க்கும் இடங்களில் அவை இரையைப் பார்க்கும், குறிவைக்கும், நாக்கை நீட்டும், பிடிக்காது. நாக்கு எட்டவில்லை என்றுதான் பார்த்தவர்களுக்குத் தோன்றியது. நாக்குக் குட்டையாகிவிட்ட நோய் என்றே பெயர் வைத்தார்கள். காரணம் வைட்டமின் ஏ குறைந்ததில் இருந்தது. அது குறைந்தால் நாக்கின் மேல்தோல் தடித்துப் பசை சுரக்காது, இரை ஒட்டாது. காட்டில் நூறு வகைப் பூச்சியைத் தின்ற பிராணிக்குக் கடையில் வளரும் ஒரேவகைச் சிள்வண்டை வருஷக்கணக்காகக் கொடுத்ததன் விளைவு. அன்போடு வேளாவேளைக்குக் கொடுத்ததுதான். பசிக்காமல் பார்த்துக்கொண்ட கையே நாக்கைப் பறித்துக்கொண்டது. அதே தேரைகளை முட்டையிட வைப்பதற்குக் குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் உறங்கவும் வைக்கிறார்கள். அந்த மலைநாட்டின் பனிக்காலம் உடம்பில் ஒருமுறை கடந்து போகாவிட்டால் வசந்தம் வந்ததை அந்த உடம்பு நம்பாது.

  

பயத்துக்கு வருகிறேன். காட்டுக்குப் போகிற உயிருக்கு உணவைவிட முக்கியமான சீதனம் அது. அமெரிக்க ஆறுகளில் ஹெல்பெண்டர் என்று ஒரு பெரிய சாலமாண்டர் இருக்கிறது. பாறைக்கடியில் கிடக்கும், இரண்டடி நீளம் வரை வளரும். அதன் குஞ்சுகள் தம் ஆற்றின் பழைய எதிரிகளின் வாசனை தண்ணீரில் வந்தால் உறைந்து அசையாமல் கிடக்கும். ஐரோப்பாவிலிருந்து தூண்டில்காரர்களுக்காகக் கொண்டுவந்து ஆற்றில் விட்ட பழுப்பு டிரவுட் மீனின் வாசனைக்கு அந்த அளவு அஞ்சாது. அந்தப் பயம் பரம்பரையில் இல்லை. மீன் வந்தே நூற்றைம்பது வருஷம் ஆகவில்லை. ஆராய்ச்சியாளர்கள் ஒரு வழி கண்டார்கள். பயந்துபோன ஹெல்பெண்டர் தோலிலிருந்து ஒரு சுரப்பைக் கசியவிடும். அந்தச் சுரப்பையும் டிரவுட் வாசனையையும் சேர்த்துக் குஞ்சுகளின் தொட்டியில் விட்டார்கள். அதன்பின் மீன் வாசனை தனியாக வந்தாலும் குஞ்சுகள் பயந்தன. தாயில்லாத பிள்ளைக்குத் தாய் சொல்லாமல் போனதை நாற்றத்தில் எழுதிக் கொடுத்ததைப்போல.

இதைப் படித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கப்பிச் சத்தத்தோடு சோற்றைச் சேர்த்த நாங்கள், அதே சத்தத்தோடு வேறொன்றைச் சேர்த்திருக்கலாம். ஒரு மாதம் வாளி இறங்கும்போதெல்லாம் குச்சியால் தண்ணீரை அடித்திருந்தால் போதும். ஆச்சி அதற்குச் சம்மதித்திருக்க மாட்டாள். வாயில்லா சீவனை அடிக்கிறியேலே என்று என்னைத்தான் அடித்திருப்பாள். வளர்த்தவர் தன்மேலேயே ஒரு பயத்தை ஊட்டி அனுப்ப வேண்டும் என்பது இந்த வேலையின் கடினமான பகுதி. நல்ல இடங்களில் இப்போது வெளியே போகவிருக்கும் குஞ்சுகளை மனித முகம் அதிகம் பார்க்காதபடி வளர்க்கிறார்கள். இரை எந்நேரம் எந்த மூலையிலிருந்து வரும் என்று தெரியாதபடி கொடுக்கிறார்கள். சில நாள் கொடுப்பதேயில்லை.

எல்லாம் சொல்லித்தந்து, உடம்பைத் தேற்றி, எதிரியைக் காட்டி அனுப்பினாலும் ஒன்று மிச்சமிருக்கிறது. அனுப்பப்படுகிற உயிர் தன்னோடு எதைக் கொண்டுபோகிறது?

ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் மலைப் பிளவுகளின் சுனைகளில் ஒரு சிறு தேரை உண்டு. ஆண்தேரை முட்டைச்சரத்தைப் பின்னங்காலில் சுற்றிக்கொண்டு திரியும். சுத்தியல் தட்டுவதுபோல் கூப்பிடுவதால் ஊர்க்காரர்கள் குட்டிக் கொல்லன் என்று பொருள்படும் ஃபெரரெத் என்ற பெயரால் அழைக்கிறார்கள். 1977இல் எலும்புப் புதைபடிவமாகத்தான் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. அற்றுப்போன இனம் என்று எழுதிய மை காய்வதற்குள் உயிரோடு கண்டுபிடித்தார்கள். 1980களில் ஜெர்சி தீவின் விலங்குக்காட்சி சாலையில் வளர்த்துப் பெருக்கி, 1989 முதல் மயோர்க்காவின் சுனைகளில் விட்டார்கள். திரும்பப் போனவை பெருகின. விட்டுப் பெருகிய தேரைகளின் கதை என்று அதை எல்லோரும் எடுத்துச் சொன்னார்கள்.

2008இல் ஓர் ஆய்வு வந்தது. அந்தத் தீவின் சில சுனைகளில் கைட்ரிட் பூஞ்சை இருந்தது. அதன் மரபைத் தேடிப்போனவர்கள் ஜெர்சியின் வளர்ப்பறைக்கே வந்து நின்றார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த, இதேபோல் ஆபத்திலிருந்த ஒரு தவளை இனத்தையும் அங்கே ஒரே அறையில் வைத்திருந்தார்கள். அந்தப் பூஞ்சையை அறிவியல் அடையாளம் காணும் முன்பே, யாரும் அறியாமல், மீட்க வந்த தேரைகளின் தோலில் ஏறி அது தீவுக்குப் போயிருந்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இருந்தாலும் காப்பாற்றியவர்களின் கை வழியாகத்தான் போயிற்று. அவர்கள் அதை மறைக்கவில்லை, தாங்களே ஆய்வில் பங்கேற்று எழுதினார்கள். இந்தத் துறையின்மேல் எனக்கிருக்கும் மதிப்பில் பாதி அதற்காக.

அதற்குப் பிறகு செய்ததையும் சொல்ல வேண்டும். சுனையிலிருந்த தலைப்பிரட்டைகள் அத்தனையையும் பிடித்து வெளியே எடுத்தார்கள். பூஞ்சை மருந்துக் குளியல் கொடுத்தார்கள். சுனையை இறைத்து வடித்தார்கள். மழை வந்து சுனை நிறைந்ததும் தலைப்பிரட்டைகளைத் திரும்ப விட்டார்கள். ஒருமுறை போதவில்லை, மறுபடியும் செய்தார்கள், இம்முறை பாறைகளுக்குக் கிருமிநாசினியும் தெளித்து. காட்டிலிருந்து அந்தப் பூஞ்சையை முழுக்கத் துடைத்த முதல் முயற்சி என்று அதைச் சொல்கிறார்கள். இன்று வெளியே அனுப்பும் தவளைகளுக்கென்று தனி அறை, தனிச் செருப்பு, தனி வலை, வெளியேறும் நீரைக்கூடச் சுத்தம் செய்துதான் விடுவது என்றெல்லாம் கட்டுப்பாடு இருப்பது மயோர்க்காவைப்போன்ற தழும்புகளால்தான். இந்த எச்சரிக்கை ஆமைகளுக்கும் உண்டு. 2020 ஜூனில் கலாபகஸின் எஸ்பன்யோலா தீவுக்குப் பெரிய ஆமைகள் பதினைந்து திரும்பிப் போயின. அவற்றில் ஒன்று சான் டியாகோ விலங்குக்காட்சி சாலையில் பல பத்தாண்டு இருந்து 1970களில் கலாபகஸுக்குத் திரும்பி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளுக்குத் தகப்பனான கிழட்டு ஆமை. போகுமுன் அவற்றைத் தனிமையில் வைத்திருந்தார்கள். வயிற்றில் கிடக்கும் வேற்றுத் தீவின் விதைகள் வெளியேறிய பிறகுதான் அனுப்பினார்கள். வீடு திரும்பும் கிழவரின் மடியைச் சோதிப்பதுபோல் இருக்கிறது. அந்தத் தீவின் கள்ளிக்காட்டுக்கு அந்தச் சோதனை வேண்டியிருந்தது.

நம் நாட்டில் இந்த வேலை முதலைகளிடமிருந்து தொடங்கியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியின் முதலைப் பண்ணைக்குப் பள்ளிச் சுற்றுலாவில் போகாத சென்னைப் பிள்ளைகள் குறைவு. 1976இல் ரோமுலஸ் விட்டேகரும் ஸாய் விட்டேகரும் தொடங்கியது. நன்னீர் முதலைகள் அருகிப்போயிருந்த காலம். அமராவதியிலும் சாத்தனூரிலும் ஒகேனக்கல்லிலும் வனத்துறை முதலை வளர்த்ததும் அந்தக் காலத்தில்தான். வடநெம்மேலியில் செய்த ஆய்வுகளில் இரண்டை நான் மறப்பதில்லை. முட்டை கிடக்கும் மண்ணின் சூடு ஏறத்தாழ 32.5 டிகிரியாக இருந்தால் குஞ்சுகள் பெரும்பாலும் ஆண். 31க்குக் கீழே எல்லாம் பெண். ஆக, பெட்டியில் வைத்துப் பொரிக்கிறவர் தெரிந்தோ தெரியாமலோ ஓர் ஆற்றின் நாளைய குடும்பங்களைத் தீர்மானிக்கிறார். இன்னொன்று, முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் கூப்பிடும் குரலுக்குத் தாய் மட்டும் வருவதில்லை. தகப்பன் முதலையும் வந்து கூட்டைத் தோண்டிக் குஞ்சை வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகிறது. தாய் திரும்பிப் பார்ப்பதில்லை என்று மேலே எழுதியது முதலைக்குப் பொருந்தாது.

பண்ணையில் முதலைகள் ஆயிரக்கணக்கில் பெருகின. கொண்டுபோய் விட ஆறில்லை. ஆறு இருந்தது, அதில் முதலைக்கு இடம் இல்லை, கரையெல்லாம் மனிதர். கடைசியில் முட்டைகளைப் பொரிக்கவிடாமல் எடுக்கவேண்டி வந்தது. அழியும் இனத்தைப் பெருக்கத் தொடங்கிய இடத்திலேயே பிறப்பைத் தடுக்கும் வேலையும் வந்து சேர்ந்தது.

சொம்புமூக்கு முதலையின் கதை இதைவிடக் கனமானது. ஆணின் நீண்ட மூக்கு நுனியில் குடம்போல் ஒரு புடைப்பு. அதனால் வடக்கே கரியால் என்று பெயர். 1970களின் நடுவில் வளர்ந்தவை இருநூறுகூடத் தேறாது என்ற நிலையில், 1975இல் ஐ.நா. அமைப்புகளின் உதவியோடு அரசு திட்டம் தொடங்கியது. ஆற்றங்கரை மணலிலிருந்து முட்டைகளை எடுத்துவந்து பொரித்து, இரண்டு மூன்று வருஷம் குளத்தில் வளர்த்து, நாலடி நீளமானதும் வால் செதிலில் அடையாளம் வெட்டிச் சம்பலிலும் பிற ஆறுகளிலும் விட்டார்கள். அடுத்த முப்பது ஆண்டில் விட்டவை ஐயாயிரத்துக்கு மேல். 2006இல் எண்ணியபோது குஞ்சு பொரிக்கும் வயதில் மறுபடியும் இருநூறுக்குக் கீழே. ஐயாயிரம் எங்கே போயிற்று? மணல் லாரியில் போயிற்று, மீன்வலையில் போயிற்று, அணைக்கு மேலே தண்ணீராகத் தேங்கியும் கீழே தண்ணீரில்லாமலும் போயிற்று. அடுத்த ஆண்டுப் பனிக்காலத்தில், 2007 டிசம்பர் தொடங்கிச் சில வாரங்களுக்குள், சம்பலில் நூற்றுக்கும் மேற்பட்டவை செத்து ஒதுங்கின. அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் உடம்பெல்லாம் படிந்திருந்தது.

குளத்தில் வளர்ந்ததால் அவை முட்டாளாகிவிடவில்லை. மீன் பிடிக்கத் தெரிந்தவைதான். அவற்றைத் தயார்செய்தவர்களையும் நான் குறைசொல்ல மாட்டேன்; அவர்கள் இல்லாவிட்டால் இன்று சம்பலில் பார்க்க ஒன்றும் இருந்திராது. ஆனால் விடப்படும் உயிரின் மேல் செலவழித்த கவனத்தில் கால்வாசியை விடப்படும் ஆற்றின் மேல் செலவழித்திருந்தால் என்று தோன்றாமல் இல்லை. எத்தனை விட்டோம் என்பது கோப்பில் எழுதச் சுலபம். எத்தனை தங்கின என்பதை அறிய ஆற்றோரம் வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டும்.

அப்படிக் காத்திருந்தவர்கள்தான் சம்பலில் அந்தக் காட்சியைப் பார்த்தார்கள். ஒரு பெரிய ஆண் முதலை. அதன் முதுகில், கழுத்தில், தலையில், நூற்றுக்கும் அதிகமான குஞ்சுகள். பல தாய்களின் குஞ்சுகள் ஒரே தகப்பனின் காவலில். படம் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்த நாளில் எனக்கு முட்டைப் பெட்டிகள் ஞாபகத்துக்கு வந்தன. பெட்டியில் பொரித்த ஐயாயிரத்துக்கும் அந்த முதுகு கிடைக்கவில்லை. மகாநதியில் சத்கோசியாவில் நூற்றுக்கணக்கில் விட்டும் மிஞ்சியவை மிகச் சில. அங்கே 2021 மே மாதத்தில், நாற்பது வருஷங்களுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், மணலில் தானாகப் பொரித்த இருபத்தெட்டுக் குஞ்சுகளைக் கண்டார்கள். ஐயாயிரத்தைவிட அந்த இருபத்தெட்டு எனக்குப் பெரிய எண்.

பள்ளிக்கூடத்தில் இலக்கணம் எடுத்த ஐயா முதனிலை திரிந்த தொழிற்பெயருக்கு மூன்று உதாரணம் சொல்லுவார். கெடு, கேடு. சுடு, சூடு. விடு, வீடு. குறில் நெடிலாகும், அவ்வளவுதான் என்பார். விடுவது நீண்டால் வீடு. கடைசிப் பயனான முத்திக்கும் மண்சுவர் வைத்த வீட்டுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. ஆமையைக் குளத்தில் விட்டேன். அந்தச் சொல்லை நெடிலாக்கும் பொறுமை எனக்கு இருக்கவில்லை. பத்து நாள் படித்துறையில் உட்கார்ந்திருந்திருக்கலாம்.

கிஹான்சிக்குத் திரும்புகிறேன். 2010இல் நூறு தேரைகள் அமெரிக்காவிலிருந்து டார் எஸ் சலாமுக்கு விமானத்தில் வந்தன. பல்கலைக்கழகத்தில் அவற்றுக்கென்று கட்டிய அறையில் டான்சானியர்கள் வளர்க்கத் தொடங்கினார்கள். உடனே பள்ளத்தாக்கில் விடவில்லை. பூஞ்சை அங்கே இன்னும் கொல்லுமா என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது. பள்ளத்தாக்கின் மண்ணையும் செடியையும் கொண்டுவந்து, அதில் சில தேரைகளை வைத்துப் பார்த்தார்கள். சாகவில்லை. 2012இல் தொடங்கித் தொகுதி தொகுதியாக ஆயிரக்கணக்கில் விட்டார்கள். முதலில் சிறு வலைக்கூண்டுகளுக்குள், அந்தக் காற்றும் அந்த ஈரமும் பழகட்டும் என்று. காட்டில் அற்றுப்போனதாக அறிவித்த ஒரு நீர்நில வாழ் உயிர் தன் இடத்துக்குத் திரும்பியது அதுதான் முதல்முறை என்று சொல்லப்படுகிறது. ஒரேயடியாக நிலைத்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. எண்ணிக்கை ஏறும், இறங்கும், மறுபடி கொண்டுபோய் விடுவார்கள். அங்கேயே குட்டி போட்டதையும் பார்த்திருக்கிறார்கள்.

அணை இன்னும் இருக்கிறது, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அருவியில் வரும் நீர் பழைய நீரல்ல. அதனால் தெளிப்புக் குழாய்களும் இருக்கின்றன. நியூயார்க் அறையில் பள்ளத்தாக்கைப்போல் செய்யக் குழாய் முனை வைத்தார்கள்; பள்ளத்தாக்கிலும் பள்ளத்தாக்கைப்போல் செய்யக் குழாய் முனை வைத்திருக்கிறார்கள். ஒரு சீறலிலிருந்து கிளம்பிய தேரை இன்னொரு சீறலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதைக் காடு என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் நானும் கேட்டேன். இப்போது கேட்பதில்லை. அந்தச் சரிவில் அதே பாசி வளர்கிறது, யாரும் பொடி தூவிக் கொடுக்காத பூச்சிகள் பறக்கின்றன, பூஞ்சை இருக்கிறது, எறும்பும் நண்டும் இருக்கின்றன. தேரைக்கு அங்கே பசிக்கும். பிராங்க்ஸில் பசித்ததில்லை.

குழாய் முனைகளில் மணல் அடைத்துக்கொள்ளும். செங்குத்துச் சரிவில் கால் வழுக்கும் ஈரத்தில் யாராவது போய் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஊதி, மாட்ட வேண்டும். அணை இருக்கும் வரை இந்த வேலையும் இருக்கும். முனையை மாட்டிவிட்டு அவர் விலகியதும் தண்ணீர் சீறிக்கொண்டு வருகிறது. இலைக்கடியில் வயிற்றுக்குள் நிழலாகக் குஞ்சுகளைச் சுமந்து உட்கார்ந்திருக்கும் கடுகுமஞ்சள் தேரை அவர் காலடிச் சத்தத்துக்கு உள்ளே நகர்கிறது. அவர் போனபின் வெளியே வருகிறது.